சுப்பிரமணிய சிவாவும் அவர் தெய்வமும்

சென்ற வாரம் ஒரு வழக்கு விஷயமாகக் கெங்கவல்லிக்குப் போயிருந்தோம். மாலையில் ஊர்ப் படிப்பகத்தில் அரசியல் ஊழியர் பத்துப்பேர் நம்மைச் சூழ்ந்து அமர்ந்தனர். அவர்கள் ஒரே கட்சியைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அன்று அவர்களிடையே எழுந்த விவாதம் ஒன்றே. பொதுமேடையில் பேச எழுகிறவன் தன் தெய்வத்தையும் தன்னோடு மேடைக்கு அழைத்து வரலாமா, அன்றி வாயிலிலேயே நிறுத்திவிட்டு வரவேண்டுமா என்பதே அது. தெய்வத்தின் பெயரைச் சொல்லாவிடில் ஜனங்களின் உள்ளம் அசையாது என்றார் ஒருவர். சொன்னால் ஜனங்கள் பிளவுபடுவார்கள் என்றார் மற்றொருவர். மூலையில் அமர்ந்திருந்த வாலிபர் ஒருவர், தம் பாட்டனார் காலத்தில் ஊர்க் கோயில் வாசல் தம்மவர்க்கு அடைத்திருந்ததென்றும், ஆதலால் தேசத்தை ஒரு கோயிலென்று யாரேனும் வருணிக்கும்போதெல்லாம் தம் கால்கள் தாமே தயங்கி நின்றுவிடுகின்றன என்றும் அமைதியாகக் கூறினார். அவர் சொல்லுக்கு அங்கு ஒருவரும் மறுமொழி கூறவில்லை. நாமும் கூறவில்லை.

அம்மறுமொழியைத் தேடிக்கொண்டு ஊர் திரும்பிய நமக்கு, சேலம் ஜில்லாவின் மண்ணிலேயே உயிர்நீத்த ஒரு பெரியாரின் சரித்திரம் நினைவுக்கு வந்தது. அவர்தாம் சுப்பிரமணிய சிவா. பழைய சேலம் ஜில்லாவின் கிழக்கு ஓரத்தில் கெங்கவல்லி இருக்கிறது; அதன் வடமேற்கு ஓரத்தில், பென்னாகரத்திற்கு அருகே, பாப்பாரப்பட்டி இருக்கிறது. 1965-ஆம் ஆண்டில் தருமபுரி தனி ஜில்லாவாகப் பிரியும்வரை இவ்விரண்டும் ஒரே ஜில்லாவின் ஊர்கள். சேலம் சிறையில் நோயுற்று, பாப்பாரப்பட்டியில் மறைந்தவர் சிவா. தமிழ் மேடையில் தெய்வ நம்பிக்கையைத் தேச விடுதலையின் மொழியாக ஆக்கியவர்களுள் அவரைப்போன்ற ஆற்றல் படைத்தோர் மிகச் சிலரே. ஆகவே மேற்சொன்ன விவாதத்திற்கு அவர் வாழ்க்கையே தக்க சாட்சியம் என்பது நம் அபிப்பிராயம்.

சிவா 1884-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 4-ஆம் தேதி மதுரை ஜில்லா வத்தலக்குண்டில் பிறந்தார். தந்தையார் ராஜம் ஐயர், தாயார் நாகம்மாள். பிள்ளைக்கு இட்ட பெயர் சுப்பராமன். வேதாந்த விசாரணைக்கு அவ்வூர் அந்நியமன்று. பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில வேதாந்தப் பத்திரிகையின் முதல் ஆசிரியராக விளங்கி இளமையிலேயே மறைந்த நாவலாசிரியர் பி. ஆர். ராஜமையரும் அவ்வூரினரே. ஆனால் சுப்பராமனின் இளமை நூல்களுக்கிடையே கழியவில்லை. வறுமை அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு சென்றது. அங்கே தர்மச் சோற்றை உண்டு படித்தார். நிலையான உத்தியோகம் எதிலும் அவர் மனம் ஒட்டவில்லை. யோகத்திலும் அத்வைதத்திலும் சென்ற மனம், திருவனந்தபுரத்துக்கு வந்த ஆரிய சமாஜப் பிரசாரகர் ஒருவரின் தேசபக்திப் பிரசங்கத்தைக் கேட்டபின் புதியதொரு வழியில் திரும்பிற்று. ஆத்மாவின் விடுதலையைத் தேடியவர் நாட்டின் விடுதலையையும் அதனோடு சேர்த்துத் தேடலானார். அவ்வூரில் தர்ம பரிபாலன சமாஜம் என்ற சபையொன்றை நிறுவி, வாலிபர்களைக் கூட்டிப் பேசத் தொடங்கினார். சமஸ்தான அதிகாரிகள் அவரைத் திருவிதாங்கூர் எல்லையைவிட்டு வெளியேற்றினார்கள். தர்மம் என்ற சொல்லை அவர் கொண்ட பொருளில் கேட்க அதிகாரம் அஞ்சிற்று என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

அங்கிருந்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டே நடந்து, 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். அந்நகரம் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. 1906-இல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை நிறுவி, வெள்ளையர் கம்பெனியோடு கடலிற் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். சிவாவின் வேதாந்தப் பேச்சு வக்கீலாகிய சிதம்பரம் பிள்ளையின் உள்ளத்தைக் கவர்ந்தது. அவர் சிவாவைத் தம் இல்லத்திலேயே தங்கச் செய்தார். இருவரும் ஏறக்குறைய நாள்தோறும் மேடையேறினர்.

அக்கால மேடையின் நிலையை நம் வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அரசியல் என்பது பெரும்பாலும் இங்கிலீஷ் கற்றோர் இங்கிலீஷில் நடத்திய காரியமாக இருந்தது. 1907-ஆம் ஆண்டு மே மாதத்தில் விபின சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் இடிமுழக்கமென நிகழ்த்திய பிரசங்கங்களும் இங்கிலீஷில் நிகழ்ந்தவையே. ஜி. சுப்பிரமணிய ஐயர் போன்ற சிலர் தமிழில் பேசி வழிகாட்டியிருந்தனர். எனினும் ஆலைத் தொழிலாளியும், வண்டிக்காரனும், துறைமுகக் கூலியும் அரசியலைத் தம் காதாற் கேட்டுத் தம் காரியமென்று உணரும் காலம் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. அவர்கள் நெடுநேரம் அமர்ந்து கேட்டுப் பழகியிருந்தவை இரண்டு. ஒன்று கதாகாலட்சேபம், மற்றொன்று மாதா கோவில் பிரசங்கம். இரண்டும் சமயத்தின் மொழி. சிவா அம்மொழியையே கையாண்டார். ஜனங்கள் அறியாத சொல்லைக் கொண்டுவந்து அவர்களுக்குக் கற்பிக்க முயலாமல், அவர்கள் அறிந்த சொல்லுக்குள் புதிய பொருளை வைத்தார். முக்தி என்ற சொல்லுக்குள் சுயராஜ்யம் புகுந்தது; பாசம் என்ற சொல்லுக்குள் அந்நிய ஆட்சி புகுந்தது.

இதனை வெறும் உத்தி என்று கருதுவது பிழையாகும். நம்பிக்கை அவருடைய பேச்சின் ஆடையாக மட்டும் இருக்கவில்லை. பேச்சின் பொருளையே அது வகுத்தது. அத்வைதி ஒருவன் ஆத்மா அழியாதது என்று மெய்யாகவே நம்புவானாயின், சிறையும் தூக்குமரமும் அவனுக்கு உடலைப்பற்றிய செய்திகளே அன்றி வேறல்ல. எல்லா உயிரிலும் ஒன்றே நிற்கிறது என்று அவன் நம்புவானாயின், கூலியாளின் பசி அந்நியனுடைய பசியாக இராது. இவ்விரண்டு முடிவுகளும் சிவாவின் பேச்சில் அரசியலாக மாறின. முதலாவது அச்சமின்மை, இரண்டாவது தொழிலாளியோடு நிற்றல்.

அவற்றின் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 27-ஆம் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். ஒரு வாரத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்திலேயே ஆலை முதலாளிகள் இணங்கினர். கூலி உயர்ந்தது, வார ஓய்வு கிடைத்தது. வங்காளத்தில் அரவிந்தரின் வந்தே மாதரம் பத்திரிகையும் இவ்வெற்றியைப் போற்றி எழுதிற்று. வேதாந்தம் பேசினால் ஜனங்கள் உலகத்தை மறந்துவிடுவார்கள் என்று சொல்வோர்க்கு, அவ்வேலைநிறுத்தம் தக்க விடையளிக்கிறது.

மார்ச் 9-ஆம் தேதி விபின சந்திர பாலர் விடுதலையானார். அந்நாளைக் கொண்டாடக் கூடாதென்ற அதிகாரிகளின் விருப்பத்தை மீறித் திருநெல்வேலியில் விழா நடந்தது. 12-ஆம் தேதி சிதம்பரம் பிள்ளை, சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகிய மூவரும் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி நகரம் கலகத்தில் ஆழ்ந்தது. போலீஸ் துப்பாக்கிக்கு நால்வர் பலியாயினர். சர்க்கார் குறிப்பெழுதுவோர் எடுத்துவைத்த பிரசங்கக் குறிப்புகளே வழக்கின் முக்கிய சாட்சியமாயின. ஜூலை 7-ஆம் தேதி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். ராஜத்துரோகத்திற்காகச் சிவாவுக்குப் பத்தாண்டு தீவாந்தரம்; சிதம்பரம் பிள்ளைக்குத் தம் பேச்சுக்காக ஓர் ஆயுள் தீவாந்தரம்; சிவாவுக்கு இடமும் உணவும் ஈந்து உடந்தையாயிருந்தமைக்காக மற்றோர் ஆயுள் தீவாந்தரம். சென்னை ஹைகோர்ட்டு பின்னர் சிவாவின் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது.

வக்கீல் தொழிலில் இருக்கும் நமக்கு இத்தீர்ப்பு இன்றும் வியப்பளிக்கிறது. ஒருவனுடைய பேச்சு எவ்வளவு வலியது என்பதை அளக்க வேறு கோல் வேண்டியதில்லை. பேசியவனுக்குப் பத்தாண்டு; அவனுக்குச் சோறிட்டவனுக்கு இருபதாண்டு! கப்பலும் மூலதனமும் சிதம்பரம் பிள்ளையிடம் இருந்தன. சிவாவிடமோ சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. அச்சொல்லுக்கு இடங்கொடுத்ததையே நீதிமன்றம் பெருங்குற்றமாகக் கண்டது.

சிறைக்குள் சென்றவர் இருபத்துமூன்று வயது வாலிபர். சேலம் சிறையில் அவரைத் தொழுநோய் பற்றியது. 1912-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் விடுதலையாகி வெளியே வந்தபோது அவர் உடல் குலைந்திருந்தது. அழியும் உடலைப் பொருட்படுத்த வேண்டாமென்று மேடையில் சொன்ன சொல், இப்போது அவரிடமே கணக்குக் கேட்டது. அவர் அக்கணக்கைத் தீர்த்த விதம்தான் அவர் பேச்சின் மெய்ம்மைக்கு அத்தாட்சி. வெளிவந்த மறுவருடமே ஞானபானு என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். பாரதியாரின் எழுத்துக்கள் அதில் வெளிவந்தன. சங்கர விஜயமும் இராமானுஜ விஜயமும் எழுதினார். அத்வைதியாகிய அவர் விசிஷ்டாத்வைத ஆசாரியரின் சரித்திரத்தையும் தாமே எழுதினார் என்பதை நாம் சிறிய விஷயமாகக் கருதவில்லை. தம் கொள்கையில் உறுதியும் பிறர் கொள்கையில் மரியாதையும் ஒரே நெஞ்சில் வாழ முடியும் என்பதை அது காட்டுகிறது.

ஆயினும் இச்சரித்திரத்தின் மறுபக்கத்தை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. சிவா சிறையில் இருந்த காலத்தில், 1911-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் தேதி, மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்று தானும் மாய்ந்தான். அவன் சட்டைப்பையில் கிடந்த கடிதம் சனாதன தர்மத்தின் பெயரால் எழுதப்பட்டிருந்தது. அந்நியனை அது மிலேச்சன் என்று இகழ்ந்தது. அவனைச் சேர்ந்த ரகசியச் சங்கத்தின் பெயரும் பாரத மாதா சங்கமே. காளியின் படத்திற்கு முன் பிரமாணம் செய்துகொண்டு அதில் சேர்ந்தார்கள் என்று வழக்கு விசாரணையில் வெளியாயிற்று. சிவாவுக்கும் அக்கொலைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மாதா என்ற அதே சொல், ஒரு மேடையில் ஆலைத் தொழிலாளியின் கூலியை உயர்த்திற்று. ஒரு ரகசிய அறையில் கைத்துப்பாக்கியை எடுக்கச் செய்தது. வாஞ்சியின் தியாகத்தைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. எனினும் தெய்வத்தின் பெயர் ஒருவன் கையில் தன்னையே ஒப்புக்கொடுக்கும் வலிமையாகவும், பிறனை மனிதன் அல்லன் என்று தள்ளும் துணிவாகவும் ஆகக்கூடும் என்பதை மறக்கலாகாது. நம்பிக்கை பேச்சை வகுக்கிறது என்றால், எந்த நம்பிக்கை, எதனை நோக்கி வகுக்கிறது என்பதே கேள்வி.

மற்றொரு குறையும் உண்டு. தூத்துக்குடியில் சிவாவின் பேச்சைக் கேட்டு நின்ற கடற்கரை மக்கள் அனைவரும் ஹிந்துக்கள் அல்லர். பரதவர் கத்தோலிக்கர். சுதேசிக் கப்பல் கம்பெனியில் 2 லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கி அதற்கு உயிர்கொடுத்தவர் ஜனாப் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் முஸ்லிம் பெருவணிகர். தேசத்தைத் தேவியாக வணங்கச் சொல்லும் பேச்சு அவர்கள் செவியில் எவ்வாறு விழுந்திருக்கும்? கோயிற் பிராகாரத்திற்குள் நுழையக்கூடாதென்று தடுக்கப்பட்டிருந்தவர் செவியில் எவ்வாறு விழுந்திருக்கும்? அக்கால தேசியவாதிகளுள் பலர் இக்கேள்வியைப் போதிய அளவு கேட்டுக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்வதே கண்ணியம். அதன் விளைவைத் தமிழ்நாடு கண்டது. 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சேலம் நகரிலேயே ஜஸ்டிஸ் கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிற்று. பெரியார் ஈ. வெ. ராமசாமியவர்கள் தெய்வத்தின் பெயரை நீக்கியே மேடைப்பேச்சை வலிமையுடையதாக ஆக்கிக் காட்டினார். அவ்வலிமைக்கு ஒரு காரணம், கோயிலுக்கு வெளியே நின்றவனிடம் அவர் பேசியதுதான்.

சிவா இக்கேள்விக்கு முற்றும் செவிடராக இருந்தார் என்று சொல்லவும் நமக்கு இடமில்லை. 1921-இல் அவர் காவியுடுத்துச் சுதந்திரானந்தர் என்ற பெயர் பூண்டார். அவ்வாண்டே மீண்டும் சிறை புகுந்தார். பின்னர் பாப்பாரப்பட்டியில் நண்பர்களின் துணையால் நிலம் பெற்று, பாரதபுரம் என்று பெயரிட்டு, ஆசிரமமும் பாரத மாதாவுக்கு ஓர் ஆலயமும் எழுப்ப முற்பட்டார். சாதி வேற்றுமையின்றி எல்லோரும் வந்து வணங்கத்தக்கதாக அவ்வாலயம் இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஹரிஜனங்களுக்குத் திறந்தது 1939-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆலயம் சிவாவின் காலத்தில் எழும்பவில்லை. அடைத்திருந்த கோயில்களைத் திறக்கும் வலிமை அவருக்கில்லை. ஆகவே அடைக்காத கோயிலொன்றைக் கட்ட முயன்றார். அதற்கும் பணம் போதவில்லை, ஆயுளும் போதவில்லை.

நோய் முற்றியவரை ரயில் வண்டியில் ஏறவொட்டாமல் சர்க்கார் தடுத்தது. அவர் கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். புண்பட்ட கைகளைத் துணியாற் போர்த்திக்கொண்டு மேடையேறினார். கடைசியாக மதுரையிலிருந்து பாப்பாரப்பட்டிக்கு வந்து சேர்ந்து, 1925-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23-ஆம் தேதி கண்மூடினார். நாற்பத்தோராம் வயது நிறைய இன்னும் இரண்டு மாதங்களுக்கு மேல் இருந்தன. இன்று அவ்வூரில் அவருக்கு மணிமண்டபம் நிற்கிறது.

இனி, கெங்கவல்லி நண்பர்களின் கேள்விக்குத் திரும்புவோம். சட்டம் ஓர் எல்லையைக் கீறியிருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவில், மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை ஊழலென்று விதிக்கிறது. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகளில் நால்வர், வேட்பாளருடைய மதம் மட்டுமன்றி வாக்காளருடைய மதத்தைச் சுட்டிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று தீர்த்தனர். இது நல்ல எல்லையே. ஆனால் சட்டத்தின் எல்லை வாக்குச் சீட்டோடு நின்றுவிடும். பேசுகிறவனின் நெஞ்சுக்குள் அது செல்லாது. அங்கே வேறொரு சோதனை வேண்டும்.

உலக சரித்திரத்திலும் அச்சோதனையைக் காணலாம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஆபிரகாம் லிங்கன் நிகழ்த்திய பிரசங்கம் தெய்வத்தைப் பலமுறை சுட்டிற்று. ஆனால் கடவுள் தம் பக்கம் நிற்கிறார் என்று அவர் உரிமை பாராட்டவில்லை. போரிட்ட இருதரப்பும் ஒரே கடவுளை வேண்டிக்கொண்டதைச் சுட்டி, அடிமை முறையின் பாவத்தில் தம் தரப்புக்கும் பங்குண்டு என்று ஏற்றார். 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வாஷிங்டனில் பேசிய மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாதிரியார். அவர் பேச்சில் விவிலியத் தீர்க்கதரிசிகளின் குரல் ஒலித்தது. ஆயினும் அப்பேச்சு கறுப்பர், வெள்ளையர், யூதர், கத்தோலிக்கர் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திற்று. இருவருக்கும் நம்பிக்கை பேச்சின் உயிராக இருந்தது. ஒருவரையும் வெளியே நிறுத்தும் வேலியாக இருக்கவில்லை.

ஆகவே நாம் கூறத்துணிவது இதுவே. மேடையிலிருந்து தெய்வத்தை விரட்டவேண்டும் என்பது நம் கட்சியன்று. விரட்டினாலும் நம்பிக்கையுள்ளவன் பேச்சில் அது வேறு பெயரோடு வந்து நிற்கும். ஆனால் தெய்வத்தின் பெயரைச் சொல்லுகிறவனை ஜனங்கள் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். அப்பெயரால் வரும் பாரத்தை அவன் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறானா, பிறர் தோளில் ஏற்றுகிறானா? அப்பெயரைச் சொல்லியபின் அவன் கூட்டம் பெரிதாகிறதா, சிறிதாகிறதா? சிவா முதற்கேள்வியில் முழுவதும் தேறினார். அழுகும் விரல்களோடு அவர் நடந்த வழியே அதற்குச் சான்று. இரண்டாம் கேள்விக்கு அவர் பாதி விடையே எழுதினார். கட்டி முடியாத ஓர் ஆலயத்தின் அடிக்கல்லாக அதை விட்டுச் சென்றார்.

மற்றப் பாதியை எழுதும் பொறுப்பு இன்று மேடையேறுகிறவர்களுடையது. கெங்கவல்லி ஒரு தனித்தொகுதி. அங்கே அடுத்த கூட்டத்தில் பேச எழும் நண்பர், தேசத்தைக் கோயிலென்று வருணிக்க விரும்பினால், தாராளமாக வருணிக்கட்டும். ஆனால் அதற்கு முன், படிப்பகத்தின் மூலையில் அமர்ந்திருந்த அவ்வாலிபரின் முகத்தை ஒருமுறை நோக்கட்டும். அவர் ஊர்க் கோயிலின் வாசல் இன்று திறந்திருக்கிறதா என்று முதலில் போய்ப் பார்த்து வரட்டும். திறந்திருக்கக் கண்டு வந்தவன் சொன்னால்தான் அச்சொல் கேட்பவர் நெஞ்சில் இறங்கும்.